பழைய கணினிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: ஒப்பீட்டுப் பட்டியல் சொல்லாத கணக்கு

கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்பும் எவரும் முதலில் போய் நிற்பது ஒப்பீட்டுப் பட்டியலின் முன்னால்தான். எந்தக் கார்டு எந்த கேமில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் தருகிறது என்று வண்ணக் கோடுகளாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைத் தயாரிப்பவர்கள் அந்தந்த ஆண்டின் மிக வேகமான ப்ராசஸரையும், நல்ல ரேமையும், தேவைக்கு மேல் வாட் உள்ள பவர் சப்ளையையும் வைத்துச் சோதிக்கிறார்கள். கார்டுகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் மட்டும் தெரிய வேண்டும், வேறெதுவும் குறுக்கே வரக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. எட்டு, பத்து வருடம் ஓடிய கணினியில் எல்லாமே குறுக்கே வரும்.

அதனால் பட்ஜெட் சின்னதாக இருப்பவர் கார்டிலிருந்து தொடங்கக் கூடாது, பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் தரும், கார்டைச் செருகும் ஸ்லாட் எந்தத் தலைமுறை, ப்ராசஸர் எத்தனை ஃப்ரேம் வரை ஈடுகொடுக்கும், மானிட்டர் என்ன ரெசல்யூஷன் என்பதெல்லாம் தெரிந்துவிட்டால் வாங்கத் தகுந்த கார்டுகள் மூன்று நான்காகச் சுருங்கிவிடும். பட்டியலை அப்புறம் திறந்தால் போதும்.

முதலில் பிரச்சினை உண்மையிலேயே கார்டில்தானா என்று பார்க்க வேண்டும். காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தடுமாறும் கேமைத் திறந்து, கூட்டமும் சண்டையும் உள்ள ஓர் இடத்தில் நில்லுங்கள். எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம், எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்போது ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். 1080பி-யில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சுமார் 20.7 லட்சம் பிக்சல்களை வரைய வேண்டும்; 720பி-யில் அது 9.2 லட்சம்தான். கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விட்டது. அதே இடத்தில் எஃப்பிஎஸ் 45-லிருந்து 75-க்குத் தாவினால் தடை கார்டில்தான் இருந்தது, புதுக் கார்டு பலன் தரும். 45 அப்படியே 47-ல் நின்றால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, மூச்சு வாங்குவது ப்ராசஸர். அங்கே எத்தனை பெரிய கார்டைச் செருகினாலும் அந்த இடத்தில் 47-தான் வரும். படம் அழகாகும், ஓட்டம் மாறாது.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளைத் திரையோரம் ஓடவிட்டும் இதைப் பார்க்கலாம். ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தால் கார்டுதான் தடை. அது 60, 70 என்று அலைந்துகொண்டிருந்தால் வேறெங்கோ அடைப்பு. ப்ராசஸரின் மொத்தப் பயன்பாட்டு எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். எட்டு த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடும் வேலை வரிசைகள்) உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் முழுதாக நிரம்பி கேமையே நிறுத்திவைத்திருக்கும். மொத்த எண்ணோ 40 சதவீதம் என்று சாதுவாகக் காட்டும். ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனையில் ப்ராசஸர்தான் குற்றவாளி என்று தெரிந்தால், அதே மதர்போர்டில் உட்காரும் அதிக த்ரெட் ப்ராசஸர் செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறதா என்று தேடலாம். நான்கு த்ரெட் கொண்ட பழைய ஐ5 இருக்கும் இடத்தில் அதே தலைமுறையின் எட்டு த்ரெட் ஐ7 வந்தால், புதிய கேம்களில் வரும் திடீர்த் திக்கல்கள் கண்கூடாகக் குறையும். 8 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தால் அதே போல இன்னொன்று போட்டு இரட்டை சேனல் ஆக்குவதும் நல்ல செலவுதான். ஆனால் 2012, அதற்கு முந்தைய இன்டெல் ப்ராசஸர்களில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி கிடையாது. அது இல்லாவிட்டால் திறக்கவே திறக்காத கேம்கள் இப்போது வருகின்றன. அந்த வயதுப் பெட்டிக்கு கார்டு வாங்கிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மின்சாரம்

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிக்கக் கூடாது என்பார்கள். இங்கே சில சமயம் அங்குசத்தின் விலை யானையை எட்டிப் பிடித்துவிடும். கார்டுக்காகப் புது பவர் சப்ளையும் வாங்க நேர்ந்தால் பட்ஜெட்டே மாறிப்போகும். அதனால் இதை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

பவர் சப்ளையின் மேல் பெரிதாக 500 வாட் என்று எழுதியிருப்பது முக்கியமில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அதிலிருந்துதான் தின்கின்றன. அங்கே 25 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்க 300 வாட். மேலே 500 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அந்த 300-தான். மீதி, கேமுக்கு உதவாத 3.3, 5 வோல்ட் வரிசைகளின் கணக்கு. தரமான பவர் சப்ளையில் இந்த 12 வோல்ட் கணக்கு மொத்த வாட்டுக்கு மிக அருகில் இருக்கும். லேபிளைப் படித்தாலே சரக்கின் யோக்கியதை தெரிந்துவிடும்.

அடுத்தது கேபிள். மதர்போர்டு ஸ்லாட் தன் வழியாகக் கார்டுக்கு 75 வாட் வரை தரலாம். 6 பின் இணைப்பு இன்னொரு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட். இதுதான் விதி. பவர் சப்ளையிலிருந்து 8 பின் கேபிள் வரவில்லையென்றால், ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளிலிருந்து அடாப்டர் போட்டு 8 பின் ஆக்கித் தருகிறோம் என்று விற்பார்கள். தொடவே தொடாதீர்கள். சாட்டா மின் இணைப்பு ஐம்பத்துச் சொச்சம் வாட்டுக்கு மேல் தாங்க வடிவமைக்கப்பட்டதில்லை. 150 வாட் இழுக்கும்போது அந்தப் பிளாஸ்டிக் உருகிய படங்கள் கணக்கில்லாமல் கிடக்கின்றன.

அலுவலகத்துக்கென்று செய்யப்பட்ட கணினியை மலிவாக வாங்கி கேமிங்குக்கு மாற்றுகிறவர்களுக்கு இந்த 75 வாட் எல்லைதான் எல்லாம். அவற்றின் பவர் சப்ளை பெரும்பாலும் தனி வடிவம், மாற்றுவது கடினம், கூடுதல் கேபிளும் இராது. அங்கே ஸ்லாட் மின்சாரத்தில் மட்டும் ஓடும் கார்டுதான் வழி. 2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019-ன் ஜிடிஎக்ஸ் 1650, 2022-ன் ஆர்எக்ஸ் 6400, 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஆகியவை அந்த வரிசை. (ஜிடிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ் என்பவை என்விடியாவின் பெயர்கள்; ஆர்எக்ஸ் ஏஎம்டி-யுடையது.) ஜிடிஎக்ஸ் 1650-யிலும் சில தயாரிப்புகள் 6 பின் கேட்கும், பார்த்து வாங்க வேண்டும். கடைசியாகச் சொன்ன 3050 6 ஜிபி 70 வாட்டில் ஓடுகிறது. இந்த எல்லைக்குள் கேட்டால் நான் கைகாட்டுவது அதைத்தான். அதே 3050 பெயரில் 2022-ல் வந்த 8 ஜிபி கார்டு வேறு ஆள்: 130 வாட், அதிகக் கோர்கள் (கணக்கிடும் அலகுகள்), அகலமான மெமரி பஸ் (மெமரிக்குப் போகும் பாதை). பெயர் ஒன்று என்பதால் சோதனை முடிவுகளை மாற்றிப் படித்துவிடக் கூடாது.

ஸ்லாட்டும் மெமரியும்

பழைய கணினிக்காரர்கள் அதிகம் அடிவாங்குவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் தகவல் போகும் வழிகளை லேன் என்கிறார்கள். முழு ஸ்லாட்டில் 16 லேன். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு லேனின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இரண்டாம் தலைமுறையில் 16 லேனும் சேர்ந்து நொடிக்கு 8 ஜிபி, மூன்றாவதில் சுமார் 16, நான்காவதில் சுமார் 32. எந்தக் கார்டையும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் செருகலாம், பொருந்தும் என்று பொதுவாகச் சொல்வது சரிதான். வேகம் இரண்டில் எது மெதுவோ அதற்கு இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முன்பெல்லாம் இது பெரிய விஷயமில்லை. பட்ஜெட் கார்டுகளுக்கும் 16 லேன் இருந்தது. இப்போது விலை குறைந்த கார்டுகளில் தயாரிப்பாளர்கள் லேன்களையே வெட்டிவிடுகிறார்கள். கார்டின் கீழே உள்ள தங்கநிறப் பட்டை முழு நீளத்துக்கு இருக்கும். உள்ளே பாதிக்குத்தான் இணைப்பு இருக்கும். ஆர்எக்ஸ் 6600, ஆர்எக்ஸ் 7600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாம் 8 லேன். ஆர்எக்ஸ் 6400-க்கும் 6500 எக்ஸ்டி-க்கும் வெறும் 4 லேன். நான்காம் தலைமுறை ஸ்லாட்டில் 4 லேன் என்றால் நொடிக்கு 8 ஜிபி. மூன்றாம் தலைமுறையில் அதுவே 4 ஜிபி. இரண்டாம் தலைமுறையில் 2 ஜிபி.

கேமுக்குத் தேவையான டெக்ஸ்சர்கள் (பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள்) எல்லாம் கார்டின் சொந்த மெமரியில் அடங்கியிருக்கும் வரை இந்தக் குறுகல் தெரியவே தெரியாது. அடங்காமல் வழியும்போது, மிச்சம் கணினியின் ரேமில் வைக்கப்பட்டு, தேவைப்படும்போதெல்லாம் இந்த லேன்கள் வழியாக இழுக்கப்படுகிறது. 60 எஃப்பிஎஸ் ஓட ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெகண்ட். மூன்றாம் தலைமுறையில் 4 லேன் வழியாக அந்த நேரத்தில் இழுக்க முடிவது அதிகபட்சம் 65 எம்பி அளவுதான். ஒரு கதவைத் திறந்து புது அறைக்குள் நுழையும்போது நூற்றுக்கணக்கான எம்பி தேவைப்பட்டால் என்ன ஆகும்? படம் கால் நொடி உறையும், பிறகு குதிக்கும். சராசரி எஃப்பிஎஸ் 55 என்று கௌரவமாகக் காட்டிக்கொண்டே இருக்கும். விளையாடுகிறவருக்கோ எரிச்சல் தாங்காது. பட்டியல் படிக்கும்போது சராசரியைவிட, மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் எண்ணைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யில் 4 ஜிபி மெமரி, 4 லேன் இரண்டும் சேர்ந்துகொண்டன. புதிய மதர்போர்டில் சுமாராக ஓடிய அந்தக் கார்டு, மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில், மெமரி வழியும் கேம்களில் படுத்துவிட்டது. அதை விலைக்காகத் தேடி வாங்கியவர்கள் யார்? பழைய மதர்போர்டு வைத்திருந்தவர்கள்தான். யாருக்கு வேண்டுமோ அவர்களிடம்தான் அது மோசமாக ஓடியது. போதாக்குறைக்கு, திரையைப் பதிவுசெய்ய உதவும் வீடியோ என்கோடரும் அதில் இல்லை. ஐந்து வருடம் பழைய கார்டுகளில் இருந்தது அது.

உங்கள் ஸ்லாட் எது? இன்டெலில் 2012-ன் மூன்றாம் தலைமுறை ப்ராசஸர் முதல் பத்தாம் தலைமுறை வரை மூன்றாம் தலைமுறை ஸ்லாட். நான்காவது வந்தது 2021-ல்தான். ஏஎம்டி-யில் 2019-ல் ரைசன் 3000-உம் எக்ஸ்570 மதர்போர்டும் நான்காம் தலைமுறையைக் கொண்டுவந்தன. பரவலாக விற்ற பி450 போர்டுகள் மூன்றாவதில் நின்றுவிட்டன. ஆக, இன்று பழைய கேமிங் கணினி என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை மூன்றாம் தலைமுறைதான். அங்கே 8 லேன் கார்டு நொடிக்கு 8 ஜிபி இழுக்கும்; 8 ஜிபி மெமரி உள்ள கார்டென்றால் 1080பி-யில் இழப்பு பெரிதாகத் தெரியாது. டெக்ஸ்சர் அமைப்பை மெமரிக்குள் அடங்கும்படி வைத்துக்கொண்டால் போதும். 4 ஜிபி கார்டு இனி வேண்டாம் என்பது என் கருத்து, ஸ்லாட் மின்சாரம் மட்டுமே உள்ள அலுவலகக் கணினியில் வேறு வழியில்லாதபோது தவிர. மெமரி பற்றிக் கவலை அதிகம் என்றால் 2021-ன் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, முழு 16 லேனோடு, செகண்ட் ஹேண்டில் இன்னும் நல்ல தேர்வு. அந்தக் கார்டுக்கு மட்டுமே 170 வாட் தரக்கூடிய பவர் சப்ளை வேண்டும்.

இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்குத் தரும் வேகத்தைப் பார்த்து மனம் இழுக்கும். 2024 டிசம்பரில் வந்த பி580-யில் 12 ஜிபி மெமரி. ஆனால் அவை ரீசைசபிள் பார் என்ற மதர்போர்டு வசதியை நம்பிச் செய்யப்பட்டவை. அது இல்லாத கணினியில் வேகம் மளமளவென்று சரியும். அந்த வசதி 2020-க்குப் பிறகுதான் பரவியது. வசதி இருந்தாலும், பி580 வந்த அடுத்த மாதமே வெளியான சோதனைகளில், ரைசன் 5 5600 போன்ற அவ்வளவு பழசல்லாத ப்ராசஸருடன்கூடச் சில கேம்களில் அது பின்தங்கியது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் ப்ராசஸரை அதிகம் வேலை வாங்கியதுதான் காரணம். புதிய பெட்டிக்கு நல்ல கார்டு. பழைய பெட்டிக்கு வேண்டாம்.

கார்டின் வயது

செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய வேகத்தை மட்டும் பார்த்தால் பழைய பெரிய கார்டுகள் மிக லாபமாகத் தோன்றும். 2019-ன் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி-யையும் 2021-ன் ஆர்எக்ஸ் 6600-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 8 ஜிபி. 1080பி-யில் வேகம் கிட்டத்தட்ட ஒன்று, பழையது சில கேம்களில் முந்தவும் செய்யும். 5700 எக்ஸ்டி-க்கு 225 வாட். 6600-க்கு 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். இது முதல் வித்தியாசம்.

இரண்டாவது வித்தியாசம் இன்னும் பெரிது. 5700 எக்ஸ்டி-யில் ரே டிரேசிங்குக்கான (ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) வன்பொருள் இல்லை. கேமில் அதை அணைத்துவிட்டால் போச்சு என்றுதான் பல வருடம் சொல்லிவந்தோம். 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, 2025 மே மாதம் வந்த ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ இரண்டும் ரே டிரேசிங் வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கின்றன. அவற்றின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் 6600 இருக்கிறது. அதைவிடச் சில இடங்களில் வேகமான 5700 எக்ஸ்டி இல்லை. இது எல்லா கேமுக்கும் பரவ இன்னும் நாளாகும், ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது.

டிரைவர் ஆதரவும் அப்படித்தான். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் மேம்பாட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 2017-ல் ராஜாவாக இருந்த 1080 டிஐ-க்கும் இதே கதி. 11 ஜிபி மெமரியோடு இன்றும் அது பல புதிய பட்ஜெட் கார்டுகளோடு மல்லுக்கட்டும், ஆனால் 250 வாட் தின்னும், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் கிடையாது. பழைய கேம்களையே விளையாடப் போகிறவர் தாராளமாக வாங்கலாம். இனிமேல் வரப்போகும் கேம்களுக்காக வாங்குகிறவர் 2018-ன் ஆர்டிஎக்ஸ் 2000 வரிசைக்கோ, 2020-ன் ஆர்எக்ஸ் 6000 வரிசைக்கோ கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

கையில் இருக்கும் கார்டிலேயே ஒரு வருடம் தள்ள முடியுமானால் அதையும் யோசிக்கலாம். ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங் எல்லா நிறுவனக் கார்டுகளிலும் ஓடும்படி 2021-ல் வந்தது, அடுத்த ஆண்டே தரம் நன்றாகத் தேறியது. ஜிடிஎக்ஸ் 1060-லும் வேலை செய்கிறது. குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை என்பதால் கார்டின் சுமைதான் குறையும். முதலில் செய்த 720பி சோதனையில் எஃப்பிஎஸ் ஏறாத கணினியில் இதுவும் ஏற்றாது.

செகண்ட் ஹேண்ட் கையில் வரும்போது

2022 செப்டம்பரில் எதிரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கார்டுகளை இரவு பகலாக ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் கிராபிக்ஸ் கார்டு மைனிங் ஒரே இரவில் செத்துப்போனது. கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே பலர் ஓடுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. ஒரே சீரான சுமையில், மின்சாரத்தைக் குறைத்து ஓட்டப்பட்ட சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது ஃபேன், காய்வது தெர்மல் பேஸ்ட்டும், மெமரி சிப்களின் மேல் இருக்கும் தெர்மல் பேடும். இவை மாற்றக்கூடியவை. மைனிங்குக்காக கார்டின் பயாஸை (அதற்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதியிருந்தால் மூல பயாஸைத் திரும்ப ஏற்ற வேண்டியிருக்கும்.

போலிகள் வேறு கதை. 2010 காலத்துச் சிப்பை வைத்து, பயாஸில் பெயரை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்ற கார்டுகள் உண்டு. விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருள் இதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். போலியென்று சொல்ல முடியாத தந்திரமும் இருக்கிறது: ஆர்எக்ஸ் 580 என்ற பெயருக்குப் பக்கத்தில் 2048எஸ்பி என்று இருந்தால் அது உண்மையில் 570-க்குச் சமம். ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி-யிலும் மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு: 1280-க்குப் பதில் 1152.

வாங்குமுன் இருபது நிமிடம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் நிறப்புள்ளிகள், கோடுகள் தெரிந்தால் மெமரி போய்க்கொண்டிருக்கிறது, திரும்பிவிடுங்கள். எல்லா வீடியோ போர்ட்டையும் தனித்தனியாகச் செருகிப் பாருங்கள். நீளத்தை அளந்துகொண்டு போங்கள்; பழைய பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க் கூண்டு குறுக்கே நிற்கும். மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறதென்றால் ஜிடிஎக்ஸ் 1000 வரிசையிலிருந்தே அது கிடையாது, மின்சாரத்தில் ஓடும் மாற்றி தனியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பழைய டிரைவரை டிடியு மென்பொருளால் சேஃப் மோடில் துடைத்துவிட்டுப் புதுக் கார்டைச் செருகுங்கள். மிகப் பழைய மதர்போர்டில் திரை கறுப்பாகவே இருந்தால் கார்டு செத்தது என்று முடிவுகட்ட வேண்டாம். மதர்போர்டுக்குப் புது பயாஸ் வந்திருக்கிறதா, பழைய பயாஸ் முறைக்குப் பதில் வந்த யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். படம் வந்தபின் ஜிபியு-இசட்டைத் திறந்து பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தைப் படியுங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க 1.1 என்று காட்டும், பதற வேண்டாம். பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி அதன் சிறு ரெண்டர் சோதனையை ஓடவிட்டால் உண்மை எண் வரும். மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் 8 லேன் கார்டு என்றால் 8 என்றும் 3.0 என்றும் இருக்க வேண்டும். 4 என்று காட்டினால் மதர்போர்டின் இரண்டாவது ஸ்லாட்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முதல் ஸ்லாட்டிலேயே அப்படி என்றால் கார்டைக் கழற்றி, அடியிலுள்ள தங்கநிறப் பட்டையைத் துடைத்து, க்ளிக் சத்தம் கேட்கும் வரை மறுபடி அழுத்திச் செருகுங்கள்.